சத்திரத்தில் இடமில்லை

சுங்குவார்சத்திரத்தில் சத்திரம் எங்கே இருக்கிறது என்று நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாமவர் மட்டும், ‘‘ரூம் வோணுமா ஸார்? பேச்சிலர்னா அட்வான்ஸ் ஜாஸ்தி’’ என்றார்.

விடியற்காலை ஐந்தரைக்கு வாலாஜாபாத் ரோடு பிரிகிற இடத்தில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையும் கண்ணில் பாதித் தூக்கமுமாக ஆணும் பெண்ணும் ஏறுவார்கள், இறங்குவார்கள். டி.வி., ஃப்ரிட்ஜ், செல்போன், கார் பாகம் என்று உலகத்துக்கு வேண்டிய சகலமும் இந்த வட்டாரத்தில் தயாராகிறது. நல்ல இட்லி மட்டும் எட்டு மணிக்கு மேல் கிடைப்பதில்லை.

அடியேன் இந்த வட்டாரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் உத்தியோகம். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப். பெரிய கம்பெனிக்கு பிராக்கெட் சப்ளை. அங்கே எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. ஒருமுறை எம்.டி.யின் பிரிண்டரில் மாட்டிக்கொண்ட பேப்பரை உருவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்டும் நான்தான். சம்பளம் ஸ்டோர்ஸுக்கு மட்டும்.

எங்கள் ஷாப்பில் மூலையில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் உண்டு. அதற்குள் ஒரு பழைய கார்டு. பிரஸ் ஒரு தடவை இறங்கினால் கார்டு ஒன்று எண்ணும். ஐந்நூறு எண்ணியதும் ஒரு லேபிள் அடிக்கும். லேபிள் இல்லாமல் பெட்டி போகாது. பெட்டி இல்லாமல் வண்டி போகாது. வண்டி ஆறு மணிக்குப் பெரிய கம்பெனியின் கேட்டில் நிற்காவிட்டால் அங்கே லைன் நிற்கும். அங்கே லைன் நின்றால் இங்கே எம்.டி. உட்கார மாட்டார்.

இத்தனையும் ஒரு கார்டை நம்பி. அந்தக் கார்டு நம்பியிருந்தது ஒரு மாட்யூலை.

மாட்யூல் என்றால் என்ன? சத்திரத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் ஒரு சத்திரம். அதன் மணியக்காரர்தான் கெர்னல். மெமரி, டிஸ்க், கீ போர்டு எல்லாவற்றுக்கும் சாவி அவர் இடுப்பில். நாம் பயன்படுத்துகிற புரோகிராம்கள் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாத்ரீகர்கள். ஜன்னல் வழியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான். உள்ளே வர அனுமதி இல்லை. மாட்யூல் அப்படியல்ல. அது பரிசாரகர் ஜாதி. நேரே சமையற்கட்டுக்குள் போய், மணியக்காரரின் பாத்திரத்தை எடுத்து, மணியக்காரரின் அடுப்பில் சமைக்கும். நடுவில் சுவர் கிடையாது. திண்ணையில் ஒருவர் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளித்து அனுப்பிவிடலாம். சமையற்கட்டில் ஒருவர் கொதிக்கிற அண்டாவைக் கவிழ்த்தால் சத்திரமே காலி. அதற்குத்தான் கெர்னல் பேனிக் என்று பெயர்.

இந்தச் சத்திரத்தைக் கட்டியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல், ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கியில், 21 வயது மாணவராக இருந்தபோது ஆரம்பித்தார். சத்திரத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்: ஜன்னலை மட்டும் எந்தக் காலத்திலும் மாற்றக்கூடாது. பத்து வருஷத்துக்கு முந்தைய புரோகிராம் வந்து கையை நீட்டினாலும் சோறு விழ வேண்டும். இந்த விதியை யாராவது மீறினால் அவருக்கு வருகிற கோபம் உலகப் பிரசித்தம்.

ஆனால், சமையற்கட்டு? அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். உப்பு ஜாடி இன்று இங்கே, நாளை பரண் மேல். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புது கெர்னல் வருகிறது. யு.எஸ்.பி. பகுதியை மட்டும் மூன்று தடவையாவது இடித்துக் கட்டியிருக்கிறார்கள். ‘உள்ளே நிலையான ஏற்பாடு எதுவும் கிடையாது, கேட்கவும் கேட்காதீர்கள்’ என்பதை கெர்னல் பெருந்தலைகளில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதி, கெர்னலோடு சேர்த்துக் கொடுத்து வருகிறார்.

கேட்க அநியாயமாக இருக்கிறதல்லவா? யோசித்தால் நியாயம் இருக்கிறது. சமையற்கட்டில் வேலை பார்க்கும் சொந்த ஆட்களுக்கு ஒரு கவலையும் இல்லை. உப்பு ஜாடியை யார் நகர்த்துகிறாரோ, அவரே எல்லாச் சமையல்காரர்களிடமும் போய், ‘இனிமேல் பரண் மேல்’ என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதாவது, கெர்னலோடு சேர்ந்த டிரைவர்களை, மாற்றுகிறவரே திருத்திக் கொடுப்பார். மாட்டிக்கொள்வது வெளியூர்ச் சமையல்காரர்தான். அவர் எப்போதாவது வருகிறவர். அவருக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. பழைய இடத்தில் கையை விடுவார். அங்கே மிளகாய்ப் பொடி இருக்கும்.

எங்கள் கார்டின் டிரைவர் அப்படிப்பட்ட வெளியூர்க்காரர். கார்டு விற்றவர் ஒரு சி.டி.யில் கொடுத்தது. அவரை இப்போது போனில் பிடிக்க முடிவதில்லை. கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த புண்ணியவான் மாட்யூலைக் கையால் தயாரித்து உள்ளே வைத்துவிட்டு, அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். கல்யாணமாகிப் போன பெண் மாதிரி கம்ப்யூட்டர் சௌக்கியமாக இருந்தது. நான் குறுக்கே வந்தேன்.

பெரிய கம்பெனிகள் சப்ளையர்களுக்கு வருஷா வருஷம் ஒரு கேள்வித்தாள் அனுப்பும். தீயணைப்புக் கருவி உண்டா, கழிப்பறை சுத்தமா என்று போய், நாற்பதாவது கேள்வியாக, ‘உங்கள் கம்ப்யூட்டர்களின் மென்பொருள் தற்கால நிலையில் உள்ளதா?’ என்று கேட்டிருந்தார்கள். எங்களுடையது டெபியன் 12. 2023 ஜூனில் வந்தது. அதற்கு அடுத்ததான டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வெளியாகியிருந்தது. 12-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வந்துகொண்டிருந்த நேரம் அது. அவற்றை மட்டும் முறையாக வாங்கிக்கொண்டிருந்தாலே ‘ஆம்’ என்று டிக் அடிக்க நியாயம் இருந்திருக்கும். ஆனால் எனக்குள் ஒரு உத்தமன் இருக்கிறான். மாசத்தில் ஒரு நாள் விழித்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிரஸ் ஓடாத நேரம் பார்த்து, 12-ஐ 13 ஆக்கினேன். பைல்கள் வரிசையாக இறங்கின. எரர் எதுவும் இல்லை. பூட்டியதும் அழகான புதுத் திரை. எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். பழைய பொருட்களை எல்லாம் கூட்டித் தள்ளிவிடும் ‘ஆட்டோ ரிமூவ்’ கட்டளையையும் அடிக்க இருந்தேன். நல்ல வேளையாகப் பசித்தது. பரோட்டா சாப்பிடப் போய்விட்டேன். இந்தப் பரோட்டாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பதினொன்றரைக்கு நைட் ஷிஃப்டில் பிரஸ் ஓட ஆரம்பித்தது. தடார், தடார். கம்ப்யூட்டரில் எண்ணிக்கை: பூஜ்யம்.

மாட்யூலைக் கூப்பிட்டேன். ‘அப்படி ஒருத்தர் இங்கே இல்லை’ என்றது. நியாயம்தான். டெபியன் 12-ல் கெர்னல் 6.1, 13-ல் 6.12. ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூல் வைக்கத் தனித்தனி டைரக்டரி. பழைய அறையில் படுத்திருந்தவரைப் புது அறையில் தேடினால் எப்படி இருப்பார்?

சரி, பழைய இடத்திலிருந்து நாமே தூக்கிக்கொண்டு வருவோம் என்று பழைய பைலைக் கொடுத்தேன். ‘இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்’ என்றது. ஒவ்வொரு மாட்யூலின் முதுகிலும் ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள், இன்ன கெர்னலுக்காக, இன்ன விதத்தில் தயாரித்தது என்று. முத்திரை ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். முத்திரையைப் பார்க்காமல் பலவந்தமாக உள்ளே தள்ளவும் ஒரு வழி உண்டு. சில கெர்னல்களில் அதையும் அடைத்து வைத்திருப்பார்கள். வைக்காத இடத்திலும் செய்யாதீர்கள். இருபது டன் பிரஸ்ஸின் டையை இருநூறு டன் பிரஸ்ஸில் மாட்டுகிற மாதிரி. எது உடையும் என்று உடைந்த பிறகுதான் தெரியும்.

மணி ஒன்று. ஷிஃப்ட் சூபர்வைசர் வந்து பின்னால் நின்றார். பிரஸ்ஸை நிறுத்தியாகிவிட்டது. எண்ணாமல் அடித்தால் கணக்கு உதைக்கும். கூடவே லாரி டிரைவர் வந்தார். ‘‘இன்னா ஸார், கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியில்லியா?’’

‘‘பத்து நிமிஷம்’’ என்றேன். இப்படிச் சொல்லுகிற பத்து நிமிஷம் எவ்வளவு நேரம் என்பது ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்குத் தெரியும்.

சி.டி.யைத் தேடியெடுத்தேன். நல்ல காலம், அதில் டிரைவரின் மூலப் பிரதியே இருந்தது. புது கெர்னலுக்கான ஹெடர் பைல்களை இறக்கி, புதிதாகத் தயாரிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘டூ மெனி ஆர்க்யுமென்ட்ஸ்’ என்று நின்றுவிட்டது. என் மேனேஜர் என்னைப் பற்றி அப்ரைசலில் எழுதுகிற அதே வாசகம்.

காரணம் மறுநாள்தான் தெரிந்தது. சமையற்கட்டில் ஒரு புதுப் பாத்திரம் கேட்கும்போது, ‘நான் இன்னார்’ என்று முதலில் பேரைச் சொல்லிவிட்டுக் கேட்பது பழைய சம்பிரதாயம். அந்தப் பேரை யாரும் எதற்கும் பயன்படுத்தவில்லை என்று கண்டுபிடித்து, 2023 ஜூனில் வந்த 6.4 கெர்னலில் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்தவர், முன்பு சொன்ன அதே க்ரோவா-ஹார்ட்மன். சொந்தச் சமையல்காரர்களை எல்லாம் அப்போதே திருத்திவிட்டார். எங்கள் வெளியூர்க்காரர் மட்டும் 6.12-க்குள் வந்தும், ‘நான் இன்னார்’ என்று ஆரம்பிக்கிறார். அதிகம் பேசாதே என்று வெளியே தள்ளுகிறார்கள். ஒரே ஒரு வார்த்தை. அதன் பின்னால் ஒரு கமா.

ஆனால் அந்த ராத்திரியில் எனக்கு அது தெரியாது. எனக்கு சி மொழி தெரியாது. பிள்ளையாரைத் தெரியும். அவரைக் கூப்பிட்டேன். மெஷினைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும், அது எழுந்திருப்பதற்குள் ஃப்ளாஸ்க்கில் டீ இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

மூன்றரை மணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ‘‘ஸார், பழையதையே போட்டு ஓட்டினா என்ன ஸார்?’’

திரும்பினேன். லேபிள் ஒட்டுகிற பெண். டிப்ளமோ முடித்துவிட்டு கான்ட்ராக்டில் ட்ரெய்னியாக வந்திருந்தாள். ஊர் விழுப்புரம் பக்கம். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்து மேஜைதான் அவளுக்கு.

‘‘எந்தப் பழையதும்மா?’’

‘‘புது டை ஏத்துறப்போ, முதல் பீஸ் ஓகே ஆகுற வரைக்கும் பழைய டையை ராக்குக்கு அனுப்ப மாட்டாங்கல்ல ஸார். அது மாதிரி இதுலயும் பழசு இருக்கும். எங்க அண்ணனுக்கு கவர்ன்மென்ட் லேப்டாப் குடுத்தாங்க. அதுல விண்டோஸும் இருக்கும், பாஸும் இருக்கும். ஆரம்பத்துல ஒரு லிஸ்ட் வரும், எது வேணும்னு. இதுலயும் வருது ஸார், அஞ்சு செகண்ட். நீங்க டீக்குப் போயிடறீங்க.’’

பாஸ் என்று அவள் சொன்னது நம்மூர்ச் சரக்கு. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் டெபியனை வைத்து உருவாக்கிய இந்திய லினக்ஸ், 2007-ல் வெளியானது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு அதுவும் சேர்ந்து வீடு வீடாகப் போயிற்று. பலர் அந்த லிஸ்டைத் தாண்டி விண்டோஸுக்குப் போய் சினிமா பார்த்தார்கள். விழுப்புரத்தில் ஒரு தங்கை லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மெஷினை அணைத்துப் போட்டேன். இந்தத் தடவை நகரவில்லை. லிஸ்ட் வந்தது. இரண்டாவது வரி, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. உள்ளே போனால், 6.12-க்குக் கீழே, சாது மாதிரி 6.1 உட்கார்ந்திருந்தது. டெபியன் மேம்படுத்தும்போது பழைய கெர்னலைத் தானாகத் தூக்கி எறிவதில்லை. நான் ஆட்டோ ரிமூவ் அடித்திருந்தால் போயிருக்கக்கூடும். காப்பாற்றியது பரோட்டா. என்ட்டர் அடித்தேன். பழைய மணியக்காரர், புதுச் சத்திரம். ஜன்னலை மாற்றக்கூடாது என்ற விதி இருக்கிறதல்லவா, அதனால் டெபியன் 13-ன் புரோகிராம்கள் பழைய கெர்னலோடும் முகம் கோணாமல் ஓடின.

தடார். ஒன்று. தடார். இரண்டு.

நாலு நிமிஷ வேலை. நான் எடுத்துக்கொண்டது நாலு மணி நேரம். ஐந்தேகாலுக்குப் பாதி லோடோடு வண்டி கிளம்பியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலை ஒன்பதரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். பாதி லோடுக்கு விளக்கம் கேட்டுப் பெரிய கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. ‘‘கம்ப்யூட்டர்ல யார் கை வெச்சது?’’ என்றார்.

சூபர்வைசர் சட்டென்று, ‘‘ராத்திரி அந்த ட்ரெய்னிப் பொண்ணுதான் ஸார் கம்ப்யூட்டர்கிட்டயே நின்னுட்டிருந்தது’’ என்றார். பொய்யில்லை. நின்றுகொண்டுதான் இருந்தாள். மேனேஜர், ‘‘கான்ட்ராக்டா?’’ என்றார். அந்த ஒரு வார்த்தையின் அர்த்தம் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மெமோ கிடையாது, விசாரணை கிடையாது. மறுநாள் கேட்டில் அட்டை வேலை செய்யாது, அவ்வளவுதான். அவள் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவாள். கார்டு எண்ணிக்கொண்டிருக்கும்.

நான் உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசை. திறக்கவில்லை. என் வீட்டு லோன், பையனின் ஸ்கூல் ஃபீஸ், இரண்டும் கண் முன்னால் வந்து போகிற நேரம் சும்மா இருந்தேன். டம்ளரில் இருக்கிற டீ கொஞ்சம் ஆறுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சொன்னேன். ‘‘அப்கிரேட் பண்ணினது நான் ஸார். முன்னாடி சோதிச்சுப் பார்க்கலை. சரி பண்ணினது அந்தப் பொண்ணு.’’

மெமோ எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே பெங்களூரில் இருக்கும் பழைய ரூம்மேட்டுக்கு டிரைவரை அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தையையும் கமாவையும் அடித்து அனுப்பினான். பத்து நிமிஷம், நிஜமான பத்து நிமிஷம். கூடவே ஒரு திட்டும் அனுப்பினான்: ‘‘ஏண்டா, டிகேஎம்எஸ் போட்டு வைக்கலையா?’’

இது வெளியூர்ச் சமையல்காரர்களுக்கு ஒரு ஏஜென்ட் மாதிரி. டிரைவரின் மூலப் பிரதியை இதனிடம் பதிந்து வைத்தால், ஒவ்வொரு புது கெர்னல் வரும்போதும் தானே புதிதாக மாட்யூல் தயாரித்துப் பார்க்கும். முடியாவிட்டால் அப்கிரேட் நடக்கும்போதே கத்தும், நடு ராத்திரி ஷிஃப்டில் அல்ல. இருபது வருஷத்துக்கு முன்பே, 2003 வாக்கில், இதை உருவாக்கியது டெல் கம்பெனி. அதே டெல் 2007-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. மருந்து பக்கத்து ஊரில் இருக்க, நான் பிள்ளையாரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதே லினக்ஸ் கெர்னல்தான். ‘வாங்கி ரெண்டு வருஷத்தில் அப்டேட் நின்றுபோச்சு’ என்று புலம்புகிறோமே, அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த வெளியூர்ச் சமையல்காரர்கள்தான். சிப் செய்தவர் பழைய கெர்னலுக்கு டிரைவர் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த சிப்புக்குப் போய்விடுவார். கூகுள் இதற்காக, 5.10 கெர்னலிலிருந்து, எல்லாப் போன்களுக்கும் பொதுவான ஒரு கெர்னல், மாட்யூல்களுக்கு மாறாத ஒரு வாசல் என்று ஏற்பாடு செய்தது. வீட்டு விஷயம்தான், உலகம் பூரா இருக்கிறது.

ஆகவே, அப்கிரேட் ஆசை வரும் அன்பர்களுக்கு: கெர்னலோடு சேராத மாட்யூல் எது எது என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஹெடர் பைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறொரு மெஷினில் ஓட்டிப் பாருங்கள். முதல் பீஸ் ஓகே ஆகும் வரை பழைய கெர்னலை ராக்குக்கு அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உத்தமன் விழித்தால் பரோட்டா வாங்கிக் கொடுத்துத் தூங்க வையுங்கள்.

அந்தப் பெண் இப்போதும் அதே மேஜையில் லேபிள் ஒட்டுகிறாள். கான்ட்ராக்ட்தான். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவளிடம் போய், ‘‘ரொம்ப தேங்க்ஸ்மா. மூன்றரைக்கு உனக்கு எப்படித் தோணிச்சு?’’ என்றேன்.

‘‘மூன்றரைக்கு இல்ல ஸார்’’ என்றாள். ‘‘பன்னெண்டு மணிக்கே தெரியும். யாராச்சும் கேப்பீங்கன்னு பார்த்தேன்.’’